அப்புறம் அக்காவும் பதினொரு புகாரும்

எங்கள் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் பதினைந்து பேர் வேலை பார்க்கிறோம். அதில் பதினான்கு பேருக்குத் திரை இல்லாவிட்டால் கை ஓடாது, கால் ஓடாது. பதினைந்தாவது ஆள் மட்டும் தொலைபேசி ஒலித்ததும் முதல் வேலையாகத் தன் திரையை அணைத்துவிடுவார். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒரு தகுதி இருக்கிறது. அவரை ஒரு மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தியவன் நான்.

எங்கள் பிரிவில் அவருக்கு வைத்த பெயர் அப்புறம் அக்கா. உதவி மையம் என்று சொல்லப்படும் மூலை அறையில், மூன்று தொலைபேசிகளுக்கு அவர்தான் தலைமை. மருத்துவமனையின் வெப்சைட்டில் மாட்டிக்கொண்டவர்கள் அங்கேதான் கூப்பிடுவார்கள். மற்ற இடங்களில் என்ன செய்வார்கள்? "மேல வலது பக்கம் மூணு கோடு இருக்கும், அத அழுத்துங்க" என்பார்கள். கூப்பிட்டவர் வலது பக்கம் தேடி, மூன்று கோட்டைக் காணாமல், தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு போனை வைத்துவிடுவார். அக்கா அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. "இப்ப உங்களுக்கு என்ன தெரியுது?" என்று கேட்பார். சொன்னதும், "அப்புறம்?" அதையும் சொன்னதும், "அப்புறம்?" அந்தப் பக்கம் இருப்பவர் சொல்லச் சொல்ல, கோடு போடாத நோட்டில் பேனாவால் வரைந்துகொண்டே போவார்.

"ஏங்க்கா ஸ்கிரீன அணைக்கிறீங்க? எதிர்லயே இருக்கே, பாத்துச் சொன்னா ஈஸி இல்ல?" என்று வந்த புதிதில் ஒருநாள் கேட்டேன்.

"எதிர்ல எரிஞ்சுதுன்னா நான் பாக்கறதத்தான் சொல்லுவேன் தம்பி. அவங்க பாக்கறது என் காதுல ஏறாது" என்றார்.

அந்த நோட்டுகளில் ஒன்றை நான் புரட்டியிருக்கிறேன். ஒரு பக்கம் முழுக்க வாய் விரியச் சிரிக்கும் ஒரு டாக்டரின் முகம், அதற்குக் கீழே வெறும் தாள். "இது எந்த வெப்சைட்டு?" என்று கேட்டேன். "உங்களோடதுதான்" என்றார். அப்போதிருந்த வெப்சைட்டின் முகப்பில் அந்த டாக்டரின் படத்தை வைத்தது நான். பெரிய திரையில் பார்த்தால் படம் ஓரமாக, அழகாக, பக்கத்திலேயே எல்லா பட்டன்களோடும் இருக்கும். சின்ன போனில் அந்தச் சிரிப்பைத் தவிர வேறு எதுவும் தெரியாது. "ரெண்டு நிமிஷமா டாக்டர் சிரிச்சுக்கிட்டே இருக்காரும்மா, வேற ஒண்ணும் பண்ண மாட்டேங்கறாரு" என்று ஒரு பெரியவர் சொன்னாராம். நான் சிரிக்கவில்லை. அந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு நான்கு நாள் ஆகியிருந்தது.

அக்கா இதையெல்லாம் எங்கேயும் போய்ப் படிக்கவில்லை. தொலைபேசிக்கு வருவதற்கு முன் ஒன்பது வருடம் மருத்துவமனை வாசலில் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாளைக்கு எண்பது பேராவது வந்து "கண் டிபார்ட்மென்ட் எங்க?" என்று கேட்பார்களாம். இத்தனைக்கும் எதிர்ச் சுவரிலேயே "கண் பிரிவு" என்று ஒரு பலகை முழ நீளத்துக்கு எழுதி மாட்டியிருந்தது. அவருக்கு முன்னால் அந்த ஜன்னலில் இருந்தவர், "கண்ணு தெரியாதவங்கதான கண் டிபார்ட்மென்ட்டுக்கு வருவாங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அக்கா ஒருநாள் ஜன்னலைப் பூட்டிவிட்டு வெளியே போய், நோயாளி மாதிரி வாசலிலிருந்து நடந்து வந்து பார்த்தார். பலகை இருந்த இடத்தில் ஒரு கதவுதான் இருந்தது. பலகை மாட்டிய ஆள் ஞாயிற்றுக்கிழமை, கதவு சாத்தியிருந்தபோது வந்து மாட்டியிருக்கிறார். மற்ற ஆறு நாளும் கதவு திறந்து சுவரோடு ஒட்டி நிற்கும், பலகை அதற்குப் பின்னால் போய்விடும். அக்கா பலகையைக் கதவு மறைக்காத பக்கமாக மாற்றி மாட்ட வைத்தார். எண்பது பேர் ஆறு பேரானார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். அவர் கணவர் எலக்ட்ரீஷியன். ஒருமுறை அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது மனிதர் என்னிடம் முறையிட்டார். "வர்ற விருந்தாளி எல்லாம் பாத்ரூம் லைட்டுக்கு ரெண்டாவது சுவிட்ச போடறாங்க, அது ஹால் ஃபேன். எந்த வீடா இருந்தாலும் மேல ஒரு காகிதத்துல எழுதி ஒட்டுவாங்க. இவ என்னடான்னா, ரெண்டாவது சுவிட்சு பாத்ரூமுக்கு எரியற மாதிரி ஒயர மாத்துங்கறா. சுவர உடைச்சு மாத்தினேன் சார்!" அக்கா குழம்பைப் பரிமாறிக்கொண்டே, "மனுஷங்கள மாத்தறதவிட ஒயர மாத்தறது சுலபங்க" என்றார். கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகள், "அம்மா உங்க வெப்சைட்டையும் விட்டு வைக்க மாட்டாங்க, பாத்துக்கோங்கண்ணா" என்றாள். நான் பெருந்தன்மையாகச் சிரித்து வைத்தேன்.

அப்போது நான் புது வெப்சைட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். எட்டு மாத வேலை. பழையது ஆதிகாலத்து அலமாரி மாதிரி, எதை இழுத்தாலும் வேறொன்று வந்து விழும். புதியதில் வெள்ளைப் பின்னணி, பெரிய எழுத்து, நீல பட்டன். போன் நம்பரை அடித்தால் உள்ளே போகலாம், டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கலாம், பரிசோதனை முடிவைப் படிக்கலாம். நேரத்தை மாற்றுவதற்கு ஒரு பக்கம், குறை சொல்வதற்கு ஒரு பக்கம். இந்த இரண்டில் மட்டும் கூடுதல் பாதுகாப்புக்காக, நோயாளி கார்டில் இருக்கும் பதிவு எண்ணையும் அடிக்க வேண்டும் என்று வைத்தேன். வெளியிடுவதற்கு முன் ஊழியர்கள் முப்பது பேரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சோதித்தேன். முப்பது பேரும் ஒரு தடங்கல் இல்லாமல் முடித்தார்கள்.

மேலாளர் ஒரே ஒரு விஷயம் கேட்டார். "உதவி மைய போன் நம்பர முதல் பக்கத்துல இருந்து எடுத்துடலாமா? நம்பர் கண்ணுல பட்டா ஜனங்க வெப்சைட்ட தொடாம போன் பண்ணிடறாங்க." எனக்கும் அது சரி என்றே பட்டது. முதல் பக்கத்தில் மட்டும் இல்லை, எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்துவிட்டேன். அவர் கேட்டதற்கு ஒரு படி மேலே போய்ச் செய்தேன் என்பதையும் இங்கே ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

மூன்று வாரம் கழித்து மீட்டிங். மேலாளர் சுவரில் ஒரு படம் போட்டார். முன்பு வாரத்துக்கு இருநூறு புகார் வரும். இப்போது பதினொன்று. நேரம் மாற்றச் சொல்லி வரும் விண்ணப்பம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. தொலைபேசி அழைப்பு நாளைக்கு நூற்றைம்பது இருந்தது, இப்போது ஐந்தோ ஆறோ. எல்லாரும் கை தட்டினார்கள். என் காது இரண்டும் சூடாகிவிட்டது. மேலாளர் தொடர்ந்து, "இனிமே உதவி மையம் தேவையில்ல. மாசக் கடைசியோட மூடிடறோம்" என்றார். அக்காவோடு சேர்த்து அங்கிருந்த மூவரில் ஒருத்தியை அன்றே மருந்துக் கவுன்ட்டருக்கு மாற்றியாயிற்று. மற்ற இருவருக்கும் என்ன வழி என்று இன்னும் முடிவாகவில்லை. மாசக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அக்கா கையைத் தூக்கினார்.

"சார், நம்ம ஆஸ்பத்திரிக்கு வருஷக்கணக்கா வந்துட்டுப் போறவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. அவங்களுக்கு மூணு வாரமா ஒரு குறையுமே இல்லன்னா, எனக்கு பயமா இருக்கு சார்."

"குறை இல்லன்னா சந்தோஷப்படணும், பயப்படக் கூடாது" என்றார் மேலாளர். அறை சிரித்தது.

"திட்டறவங்க திடீர்னு திட்டாம நின்னா, ஒண்ணு குணமாயிருக்கணும், இல்ல வாயக் கட்டியிருக்கணும்" என்றார் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. எட்டு மாதம் தூக்கமில்லாமல் கட்டியதற்கு ஐந்து நிமிடம் கூடக் கைதட்டு வாங்க விடமாட்டாரா இந்த அம்மா? வாய் முந்திக்கொண்டது. "அக்கா, உங்க நாற்காலிய காப்பாத்திக்கறதுக்காக என் வேலைய குறை சொல்லாதீங்க" என்றேன். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். நோட்டை மூடி எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். மேலாளர் அடுத்த படத்தைப் போட்டார்.

மறுநாள் காலை அவர் அறை வழியாகப் போனபோது தொலைபேசி ஒலித்தது. அக்கா திரையை அணைத்தார். முந்தின நாள் பேசியது உறுத்திக்கொண்டிருந்ததால் நான் கதவோரம் நின்றேன். அந்தப் பக்கத்துக் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. ஒரு பெண், தையல் கடையில் வேலை பார்ப்பவர். கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, எங்களிடம்தான் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். செவ்வாய்க்கிழமை காலை முறைக்கு அவரை அழைத்து வர ஆள் இல்லை, மத்தியானத்துக்கு மாற்ற வேண்டும்.

"நானும் மூணு வாரமா அந்த வெப்சைட்டுல மாத்தப் பாக்கறேம்மா. அழுத்தறேன், ஒண்ணும் ஆக மாட்டேங்குது. ரெண்டு செவ்வாய் போகலம்மா. கால் ரெண்டும் வீங்கிடுச்சு, படுத்தா மூச்சு வாங்கறாரு."

"இப்ப உங்களுக்கு என்ன தெரியுதும்மா?"

"நம்பர் போடற கட்டம். அதுக்குக் கீழ நீலமா ஒரு பட்டன்."

"அப்புறம்?"

"அப்புறம் எழுத்து அடிக்கிறது. கீபோர்டு. அவ்ளோதான்."

"பட்டன அழுத்துங்க. என்ன மாறுது?"

"ஒண்ணும் மாறல. அப்படியே இருக்கு."

"இந்த போன் நம்பர் உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

"பழைய ரசீது ஒண்ணு டப்பா அடியில கெடந்துதும்மா. அதுல இருந்துச்சு."

அக்கா பதிவு எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு, தன் திரையைப் போட்டு, வருகிற செவ்வாய்க்கிழமை நேரத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தார். உதவி மையத்துக்கு ஒரு வாரத்துக்கு மாற்றத்தான் அதிகாரம் உண்டு. போனை வைத்ததும் என் பக்கம் திரும்பி, "தம்பி, அவங்களுக்கு ஏன் ஆகல?" என்றார். முந்தின நாள் பேச்சின் சாயல் கூட அந்தக் குரலில் இல்லை.

நான் என் போனை எடுத்தேன். அவர் எழுதிவைத்திருந்த எண்ணை அவர் வாசிக்க, நான் அடித்தேன். நீல பட்டனை அழுத்தினேன். அடுத்த பக்கம் அழகாகத் திறந்தது. "பாத்தீங்களா? வேலை செய்யுது. தப்பா அடிச்சா மேல சிவப்பு எழுத்துல வரும். அவங்க பாக்கல" என்றேன்.

"அவங்க பாக்கலன்னா, அது வரல" என்றார்.

"அதுக்கு நான் என்ன பண்றது? கண்ணுக்குள்ள போயா எழுத முடியும்?"

அக்கா தான் வரைந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரே தன் போனிலும் இருபது தடவை அடித்துப் பார்த்தார். இருபது தடவையும் திறந்தது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அவர் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் தளர்ச்சி தெரிந்தது, அதைப் பார்த்து மகிழ்ந்தேன் என்று எழுத இப்போது கை கூசுகிறது.

திங்கட்கிழமை மாலை அவர் என் மேசைக்கு வந்தார். "நாளைக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் என்கூட வர்றீங்களா?"

"எதுக்குக்கா?"

"வாயத் திறக்காம உக்காரறதுக்கு."

டயாலிசிஸ் பிரிவுக்கு நான் அதுவரை போனதே இல்லை. ஆறு வருட வேலையில் ஒரு நாள் கூட. என் அறைக்கும் அதற்கும் நடுவில் இரண்டு மாடிதான். நீளமான கூடத்தில் கட்டில் கட்டிலாக மனிதர்கள் படுத்திருக்க, பக்கத்தில் இயந்திரங்கள் மெல்ல முனகிக்கொண்டிருந்தன. வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் வீட்டு ஆட்கள் நான்கு மணி நேரம் காத்திருப்பார்கள். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்த பெண்தான் அந்தத் தையல்கார அம்மா. அக்கா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். என்னைக் காட்டி, "இவரு நம்ம பையன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

"அடுத்த வாரத்து நேரத்த மாத்தணும்னீங்களே, எங்க முன்னாடி ஒரு தடவ செஞ்சு காட்டறீங்களா? நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். சும்மா பக்கத்துல இருக்கோம்."

அந்த அம்மா போனை எடுத்தார். பைக்குள்ளிருந்து கார்டை எடுத்தார். ஓரமெல்லாம் நைந்து, ஒட்டுநாடா போட்ட பழைய கார்டு. அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, ஊசியில் நூல் கோர்க்கும் கவனத்தோடு அடித்தார். கட்டத்தில் எண்கள் நிரம்பின. பட்டனை அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. கார்டை எடுத்துக் கண்ணருகே வைத்து, அடித்ததை எண் எண்ணாகச் சரிபார்த்தார். எல்லாம் சரி. மறுபடி அழுத்தினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "முன்னாடி ஒரு பூஜ்யம் போடுங்கம்மா!" என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு கார்டைப் பார்த்தார். "எந்த பூஜ்யம் தம்பி? இதுல பூஜ்யமே இல்லையே."

நானும் கார்டைப் பார்த்தேன். ஏழு எண்கள். முன்னால் பூஜ்யம் இல்லை, பின்னாலும் இல்லை.

விஷயம் இதுதான். போன வருடம் மருத்துவமனை பதிவு எண்ணை ஏழு இலக்கத்திலிருந்து எட்டு இலக்கமாக மாற்றியது. பழைய எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு வாரத்தில் அது எங்கள் விரலில் ஊறிவிட்டது. பழைய கார்டைப் பார்த்தால் பூஜ்யத்தைத் தானாக அடிப்போம், அடிக்கிறோம் என்பதே தெரியாமல். நோயாளிகளுக்கு யாரும் சொல்லவில்லை, கார்டையும் மாற்றிக் கொடுக்கவில்லை. நான் சோதித்த முப்பது பேரும் ஊழியர்கள். என் கட்டமோ எட்டு எண் இல்லாவிட்டால் ஏற்காது. ஏற்காததைச் சொல்லும் சிவப்பு எழுத்து பக்கத்தின் உச்சியில் வரும், சின்ன போனில் அது திரைக்கு வெளியே போய்விடும். புதிதாக வந்து ஒரு ஜுரத்துக்கு மருந்து வாங்கிப் போகிறவர்களிடம் எட்டு இலக்கக் கார்டு இருக்கும், அவர்களுக்குப் பெரிதாகக் குறை எதுவும் இருக்காது. வருடக்கணக்கில் வந்துகொண்டிருப்பவர்கள்தான் குறை சொல்வார்கள், நேரம் மாற்றுவார்கள். அவர்கள் எல்லார் கையிலும் ஏழு இலக்கம்.

அக்கா தன் நோட்டைத் திறந்து, அன்றைக்குத் தான் எழுதிய பதிவு எண்ணைப் பார்த்தார். எட்டு எண்கள். முதல் எண் பூஜ்யம், அவர் கையெழுத்தில். அந்த அம்மா ஏழு எண்தான் சொல்லியிருக்கிறார், அக்காவின் கை எட்டு எழுதியிருக்கிறது.

"காதுல ஏழு விழுந்திருக்கு. கை எட்டு எழுதியிருக்கு" என்றார். அப்படி ஒரு அதிர்ச்சியை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை. பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கோங்கம்மா. நீங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. தப்பு எங்களோடது" என்றார்.

அந்த அம்மா அழ ஆரம்பித்தார். "நான்தான் படிக்காதவ, எனக்குத்தான் தெரியலன்னு நெனச்சேன். என்னாலதான் இவருக்கு இப்படி ஆச்சுன்னு நெனச்சேன்" என்றார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் தரையைப் பார்த்தேன்.

மேலே வந்து திருத்த எனக்குப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை. ஏழு எண் வந்தால் பூஜ்யத்தை நீயே போட்டுக்கொள் என்று இயந்திரத்துக்கு ஒரே ஒரு வரி. சிவப்பு எழுத்தையும் கட்டத்துக்கு அடியிலேயே கொண்டுவந்தேன். பிறகு, மூன்று வாரமாகத் திறந்தே பார்க்காத ஒரு பதிவேட்டைத் திறந்தேன். தோற்றுப்போன ஒவ்வொரு முயற்சியையும் இயந்திரம் அதில் குறித்து வைத்திருந்தது. குறை சொல்லும் பக்கத்தில் மட்டும் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு முறை. அறுநூற்று நான்கு பேர். நேரம் மாற்றும் பக்கத்தில் தையல்கார அம்மாவின் எண் முப்பத்தொரு முறை இருந்தது.

"அவங்க எழுதின குறையெல்லாம் எங்க?" என்று கேட்டார் அக்கா.

"இல்லக்கா. எண் தப்புன்னா எழுத்த சேமிக்காத மாதிரி வச்சிருந்தேன்."

"ரெண்டாயிரம் தடவ பேசியிருக்காங்க. ஒரு வார்த்தை கூட இல்லையா?"

"இல்லக்கா."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, புதிதாகப் புகார் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணியில் முதலாவது வந்தது. அன்று மாலைக்குள் நாற்பது. மறுநாள் முந்நூற்று நாற்பது. எல்லாம் வசவு. இனிமேல் எழுதப் போவதில்லை என்று மிரட்டல், இத்தனை நாள் செத்துப் போயிருந்தீர்களா என்று விசாரிப்பு. அக்கா ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தார். நல்ல வசவாக வந்தால், "நல்லா கேக்கறாரு பாருங்க!" என்று ரசித்தார். எங்கள் மேலாளர் மாத்திரை போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை அவசர மீட்டிங். "இது யாரோட தப்பு?" என்று மேலாளர் கேட்டார். நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் அக்கா எழுந்துவிட்டார். ஒரு வாரத்துக்கு முன் இதே அறையில் நான் சொன்னதைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அறையில் எல்லாரும் அதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது.

"சார், கார்ட பாக்காம நம்பர் போடற எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு. என் கையும்தான். ஒரு வருஷமா அவங்க சொல்லாத பூஜ்யத்த நான் எழுதியிருக்கேன். தம்பி அந்தக் கூடத்துல வாய் தவறி அந்தப் பூஜ்யத்த சொன்னதாலதான் இது வெளிய வந்துச்சு" என்றார்.

வாய் தவறியதற்கு என்னை ஒருவர் பாராட்டுவது அதுவே முதலும் கடைசியும். நான் எழுந்து, "கட்டத்த எட்டு எண்ணுக்கு வச்சது நான் சார்" என்றேன். அவர் சொன்னதற்குப் பிறகு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மேலாளர் கெட்டவர் இல்லை, கணக்கு பார்க்கிறவர். "சரி, பிழை திருத்தியாச்சு. வெப்சைட்டு இப்ப வேலை செய்யுது. அப்ப உதவி மையம் எதுக்கு?" என்றார்.

"இந்தப் பிழைய கண்டுபிடிச்சது வெப்சைட்டு இல்ல சார். டப்பா அடியில கெடந்த ஒரு போன் நம்பர். அந்த ரசீத அவங்க தூக்கிப் போட்டிருந்தா, நாம இன்னிக்கும் பதினொரு புகாருக்குக் கை தட்டிக்கிட்டிருப்போம்."

"பாக்கலாம்" என்றார் மேலாளர். எங்கள் அலுவலகத்தில் பாக்கலாம் என்றால் இல்லை என்று பொருள். மூடும் உத்தரவு மறுநாள் அக்காவின் மேசைக்கு வந்தது. மாசக் கடைசி நாள், மாலை ஐந்து மணிக்குத் தொலைபேசிகளைத் துண்டிக்க வேண்டும்.

அந்தக் கடைசி நாள் காலையில் மூலை அறைக்குப் போனேன். அக்கா அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். இருபத்திரண்டு நோட்டுகளை அட்டைப் பெட்டியில் அடுக்கி, "இத நீங்க வச்சுக்கோங்க தம்பி. அடுத்த வெப்சைட்டு கட்டறப்ப புரட்டிப் பாருங்க" என்றார். அழவில்லை, முறையிடவில்லை. மிச்சமிருந்த இன்னொருத்தி மூன்றாவது நாற்காலியின் மேல் சாய்ந்து நின்று, அடிக்காத தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியை வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தேன். பிறகு, யாரிடமும் கேட்கவில்லை, எந்தப் படிவமும் நிரப்பவில்லை. வெப்சைட்டின் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும், பழைய வெப்சைட்டில் டாக்டர் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில், உதவி மைய எண்ணை விரல் நீள எழுத்தில் போட்டேன். அடியில் "எங்கே மாட்டிக்கொண்டாலும் கூப்பிடுங்கள்" என்று எழுதினேன். மணி பதினொன்று. இதற்கு வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்தேன்.

பதினொன்று ஐந்துக்கு மூலை அறையில் ஒரு தொலைபேசி அடித்தது. ஏழுக்கு இரண்டாவது. ஒன்பதுக்கு மூன்றாவதும் அடிக்க ஆரம்பித்து, எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. நான் ஓடினேன். சத்தம் கேட்டு மேலாளரும் வந்து வாசலில் நின்றார். அக்கா ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். யார் செய்த வேலை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்க தம்பி? உக்காந்து எடுங்க" என்றார்.

வைத்தால் உடனே அடிக்கும் அந்த மூன்று தொலைபேசிகளையும் மேலாளர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். அக்காவின் மேசை மேல் இருந்த உத்தரவை எடுத்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தேன். வயதான ஒரு அம்மாவின் குரல். வணக்கம் கூடச் சொல்லவில்லை.

"ஏன்யா, இத்தன நாளா இந்த நம்பர எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. தொழில்நுட்பக் காரணம் என்று சொல்லியிருக்கலாம். மேல் அதிகாரி முடிவு என்றும் சொல்லியிருக்கலாம், அதில் பாதி உண்மையும் உண்டு.

"நான்தாம்மா ஒளிச்சேன்" என்றேன்.

"சரி, இனிமே ஒளிக்காத" என்றார் அந்த அம்மா. பிறகு, தன் ஸ்கேன் நேரத்தைப் புதன்கிழமைக்கு மாற்ற வேண்டும் என்று நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார்.